விடுபட்ட சைபர்

"போட்ட விலைக்குத் தரத்தானே வேணும், அன்ரி." இந்த வசனம் சில மாதங்களாக என்னை விட்டுப் போகவில்லை. அதைச் சொன்ன பொடியன் கெட்டவன் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, போனை நீட்டிப் பிடித்தபடி, நியாயம் தன் பக்கம்தான் என்ற முழு நம்பிக்கையோடு சொன்னான். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஓர் ஒழுங்கை. மாடிப்படி ஏறியதும் வருகிற சிறிய அறை. சாறி பிளவுஸ் தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு பெண்ணின் அறை அது. பக்கத்து வீட்டுக்கு வேறொரு அலுவலாகப் போயிருந்த நான் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. ஜூக்கி மெஷினை விற்றுவிட முடிவுசெய்திருந்தார். அதன் பச்சைப் பூச்சு உள்ளங்கை படும் இடத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மேசை விளிம்பில் பழைய அளவு நாடா ஒன்றை நீளத்துக்கு ஆணியடித்து வைத்திருந்தார். மோட்டார்ப் பக்கம் குனிந்தால் மெஷின் எண்ணெயும் சோக்குத் தூளும் கலந்த வாசம். மருமகன் முறையான பையன் ஒருவன் போனில் படம் எடுத்து விளம்பரம் போட்டுக் கொடுத்திருக்கிறான். அறுபத்தையாயிரம் என்று அவர் சொன்னது, திரையில் 6,500 என்று விழுந்துவிட்டது. அவர் கோயிலுக்குப் போய் வருவதற்குள் போன் ஓயாமல் அடித்திருக்கிறது. திரும்பி வந்தபோது கீழே ஒரு பட்டா லொறி நின்றது. "சைபர் ஒண்டு விட்டுப்போச்சு தம்பி" என்றார். அவன் ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினான். கடைசியில் மெஷின் போகவில்லை. ஆனால் லொறி வந்து போன கூலியை அவர் தன் கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அன்றிரவு முழுவதும் அவருடைய இலக்கத்துக்கு ஏச்சுகள் வந்தன. யாரோ முறைப்பாடு செய்ததில் கணக்கும் முடக்கப்பட்டது.

அந்தப் பொடியனின் வசனத்தை நான் பாதிக்குப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் அது என்னைத் தொந்தரவு செய்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில், முகத்தைப் பார்த்து விலை சொன்ன காலத்தை நாங்கள் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பேச்சு வாயில் வந்தால் ஒரு விலை, பக்கத்து ஒழுங்கைக்காரர் என்றால் இன்னொரு விலை, கலியாண அவசரம் தெரிந்தால் மூன்றாவது விலை. துணியின் மூலையில் குத்தியிருக்கும் சின்ன மட்டை வந்தபோது அது ஒரு விடுதலையாகத்தான் இருந்தது. எழுதியது எழுதியதுதான், யாருக்கும் ஒன்றுதான். இந்த நாட்டுச் சட்டமும் அந்த மட்டைக்குக் காவலாக நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், குறித்த விலைக்கு மேல் விற்பவருக்குத் தண்டம். விலைப்பட்டியலைக் கடையில் தெரியும்படி தொங்கவிடாதவருக்கும் தண்டம். அரிசி, முட்டை, தண்ணீர்ப் போத்தல் என்று சோதனை நடந்த செய்தி வராத மாதம் இல்லை. விலை என்பது நுகர்வோரின் உரிமை என்று இரண்டு தலைமுறையாகப் படித்திருக்கிறோம். ஆனால் அந்த உரிமை யாருக்கு எதிராகப் பிறந்தது? களஞ்சியத்தைப் பூட்டிவைத்துத் தட்டுப்பாட்டுக்குக் காத்திருக்கும் முதலாளிக்கு எதிராக. பட்டியலை ஒளித்துவைத்து வாய்க்கு வந்ததைக் கேட்கும் கடைக்காரனுக்கு எதிராக. விற்பவன் பலசாலி, வாங்குபவன் ஏழை என்ற ஒரு காட்சிதான் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நிற்கிறது. ஒரேயொரு மெஷினை, வாழ்க்கையில் ஒரேயொரு தடவை விற்கிற பெண் அந்தக் காட்சியில் இல்லை. அவரும் திரையில் 'விற்பனையாளர்' என்றே காட்டப்படுகிறார். ஆயிரம் பொருள் விற்கும் கொம்பனிக்கும் அவருக்கும் ஒரே பெட்டி, ஒரே எழுத்தளவு. கொம்பனிக்கு எதிராகச் சேர்த்துவைத்த கோபம் முழுவதும் அந்த ஒழுங்கைப் படியில் ஏறி வந்து அவர் முன்னால் நின்றது.

இதே கேள்வி ஒருமுறை பெரிய அளவில் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. சிங்கப்பூரில், 2003 ஜனவரி 8ஆம் திகதி, இணையத்தில் கணினிப் பொருட்கள் விற்ற டிஜிலாண்ட்மோல் கொம்பனியின் தளத்தில், 3,854 சிங்கப்பூர் டொலர் விலையுள்ள எச்.பி. வர்ண லேசர் அச்சுப்பொறி ஒன்றின் விலை 66 டொலர் என்று ஏறிவிட்டது. விலையேற்றும் முறையைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், பயிற்சிக்குப் போட்ட இலக்கத்தைத் தவறுதலாக உண்மையான தளத்துக்கு அனுப்பியிருந்தார். ஐந்து நாள் அது யார் கண்ணிலும் பெரிதாகப் படாமல் கிடந்தது. 13ஆம் திகதி நள்ளிரவுக்குப் பிறகு நண்பருக்கு நண்பர் செய்தி பரவியது. விடிந்து கொம்பனி கண்டுபிடிப்பதற்குள் 784 பேர் 4,086 அச்சுப்பொறிகளுக்கு ஓடர் கொடுத்துவிட்டார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை மெஷினே எல்லோருக்கும் அனுப்பியும் விட்டது. தரமுடியாது என்று கொம்பனி சொன்னபோது ஆறு பேர் வழக்குப் போட்டார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606 அச்சுப்பொறிகள். எல்லோரும் பட்டதாரிகள், சட்டம் படித்தவரும் அவர்களுக்குள் இருந்தார். 2004இல் நீதிபதி வி. கே. ராஜா அவர்களுடைய வழக்கைத் தள்ளினார். 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விலை மிகவும் குறைவு என்பதால் மட்டும் தள்ளவில்லை. விலை பிழையென்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. அன்று நள்ளிரவு அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகள், உண்மையான விலையை அறிய அவர்கள் இணையத்தில் தேடியது, விற்றால் எவ்வளவு இலாபம் வரும் என்று கணக்குப் பார்த்தது எல்லாம் நீதிபதியின் மேசைக்கு வந்தன. 1939இல் இலண்டனில் ஆர்ஜென்டீனாவின் முயல்தோல் பற்றிய வழக்கொன்றிலும் இதே வழிதான். தோல் ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுத வேண்டியதை இறாத்தலுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது பிழையென்று தெரியாமலிருக்க முடியாது என்று சொல்லி, வாங்கியவரின் வழக்கைத் தள்ளினார்கள்.

'தெரிந்தே' என்ற இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வந்த அழைப்புகளைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்று எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது. ஒருவர்கூட மெஷினைப் பற்றிக் கேட்கவில்லையாம். மோட்டார் எப்படி, நூல் அறுக்குமா, எத்தனை வருசம் பாவித்தது, ஏன் விற்கிறீர்கள் என்று பழைய மெஷின் வாங்குகிற எவரும் கேட்கிற கேள்விகள் ஒன்றும் வரவில்லை. "இடம் எங்க? இப்ப வரலாமா?" இவ்வளவுதான். உண்மையில் 6,500 ரூபாய்தான் விலை என்று நம்பும் ஒருவர், இவ்வளவு மலிவாக இருக்கிறதே, உடைந்த மெஷினோ என்று சந்தேகப்படுவார். சந்தேகமே இல்லாமல் ஓடிவருபவருக்குப் பொருள் நல்லதென்று தெரியும். பிழை விலையில்தான் என்றும் தெரியும். அந்த அவசரத்துக்கு வேறு அர்த்தம் இல்லை. விற்பவர் விழித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அது. அந்தப் பொடியன் மனதில் இதை ஒரு வசனமாகச் சொல்லிப் பார்த்திருக்க மாட்டான் என்பதையும் நம்புகிறேன். விரல் முந்திக்கொள்கிற இடத்தில் மனது ஒன்றையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்தும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாமல் இருப்பது ஒரு நிலை. அந்த நிலைக்கு இந்தத் திரைகள் வசதியாக இருக்கின்றன. கடைக்காரர் முகத்துக்கு நேரே அந்த விலையைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அவன் கட்டாயம் கேட்டிருப்பான். கேட்காமல் இருக்க அவனால் முடிந்திராது.

எங்கள் இலக்கியம் வணிகருக்கு நிறையச் சொல்லியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது மிகையாகக் கொள்ளவில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கவில்லை என்று பட்டினப்பாலை புகழ்கிறது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்லும் குறளும் வணிகருக்கே சொல்லப்பட்டது. வாங்குபவருக்கென்று தனியாக யாராவது சொன்னார்களா என்று யோசித்தால், அது நூல்களில் அல்ல, கோயில் மண்டபத்துக் கதாப்பிரசங்கங்களில்தான் கிடைக்கிறது. தருமர் சபைக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் விற்ற காணியில் மற்றவர் உழுதபோது பொற்குடம் ஒன்று கிளம்பியிருக்கிறது. நான் வாங்கியது நிலத்தை, குடம் அவருடையது என்கிறார் வாங்கியவர். நிலத்தை விற்றபோது அதிலுள்ளதையும் விற்றுவிட்டேன் என்கிறார் விற்றவர். கண்ணன், நாளைக்கு வரச் சொல் என்கிறான். மறுநாள் வந்தவர்கள் இருவரும் குடம் தனக்குத்தான் என்று சண்டை பிடிக்கிறார்கள். இரவில் கலி பிறந்துவிட்டதாம். யுகம் மாறியதைக் காட்ட நம்முடைய கதைசொல்லிகளுக்குப் போரோ பஞ்சமோ தேவைப்படவில்லை. விற்றவர் அறியாத ஒன்றை வாங்கியவர் என்ன செய்கிறார் என்பதே போதுமாக இருந்தது. கொழும்புப் பள்ளிவாசல்களில் கேட்கக்கூடிய இன்னொரு கதை, நபித்தோழர் ஜரீர் இப்னு அப்துல்லாஹ்வுடையது. முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்த குதிரையைப் பார்த்தவர், உன் குதிரை இதைவிடப் பெறும் என்று விற்பவரிடம் தானே சொல்லிச் சொல்லி, எண்ணூறு வரை ஏற்றி வாங்கினார். உரோமாபுரியிலும் ஒருவர் இருந்தார். குவிண்டஸ் ஸ்கேவோலா என்ற சட்ட அறிஞர் ஒரு நிலத்துக்கு விலை கேட்டார். விற்பவர் சொன்ன தொகை குறைவு என்று சொல்லி ஒரு இலட்சம் செஸ்டர்ஸ் நாணயங்கள் கூட்டிக் கொடுத்தார். இதை எழுதிவைத்த சிசரோவே, இது நல்லவன் செய்கை என்று எல்லோரும் ஒப்புவார்கள், ஆனால் புத்திசாலியின் செய்கை என்று ஒப்பமாட்டார்கள் என்று கவலைப்படுகிறார். அந்தக் கவலை இரண்டாயிரம் வருசமாகத் தீரவில்லை. லொறிக்கூலி கொடுத்த பெண்ணுக்கு அன்று கிடைத்த ஆறுதல் வார்த்தைகளில் ஒன்று, "அவன் கெட்டிக்காரன், நீங்கள்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டீர்கள்" என்பது.

ஆனால் ஜரீரின் அளவுகோலை எல்லா இடத்திலும் வைக்க முடியுமா என்று எனக்குத் தயக்கம் உண்டு. வெள்ளவத்தையில் இப்போது அடிக்கடி நடப்பது வேறொரு வகை. இராமகிருஷ்ண வீதிப் பக்கமோ ஹம்டன் ஒழுங்கையிலோ ஒரு தொடர்மாடி வீட்டில் கடைசியாக இருந்த முதியவர் காலமாகிறார், அல்லது பிள்ளைகளிடம் ரொறொன்ரோவுக்குப் போகிறார். வீட்டைக் காலி செய்யப் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமைதான் லீவு. தேக்கு அலுமாரி, பித்தளைக் குத்துவிளக்கு, கிரைண்டர், எல்லாவற்றுக்கும் கீழே 'பழைய தமிழ்ப் புத்தகங்கள், பெட்டி 2,000' என்று ஒரு விளம்பரம். அப்படியொன்றின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது, பெட்டியின் மேற்புறத்தில் 'மல்லிகை' இதழ்கள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன. பக்கத்தில் எழுபதுகளின் வீரகேசரிப் பிரசுர நாவல்கள், முதுகு கிழிந்து, வெள்ளிப்பூச்சி அரித்த ஓரங்களோடு. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இதழின் பழைய தொகுப்பு எங்கே கிடைக்கும் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கும் விலை பிழைதான். ஆனால் விரலின் பிழை இல்லை. பொருளின் பெறுமதி தெரியாததால் வந்த பிழை. சட்டம் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது: எழுதிய விலையில் விழுந்த தவறு ஒப்பந்தத்தைக் குலைக்கலாம், மதிப்பை அறியாமல் விற்றவருக்குப் பொதுவாக நிவாரணம் இல்லை. பழைய புத்தகம் விற்பவர்களின் சீவியமே இந்த வித்தியாசத்தில்தான் நடக்கிறது. ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அறிய அவர்கள் ஒரு ஆயுளைச் செலவழித்திருக்கிறார்கள். அந்த அறிவுக்கு ஊதியம் இல்லையென்றால் யாரும் தேடப் போகமாட்டார்கள். அந்த இதழ்கள் வடை சுற்றப் போகும். விடுபட்ட சைபரை அறிய எந்த உழைப்பும் வேண்டியதில்லை. அது கண்ணுள்ள எவருக்கும் தெரிவது. படித்துப் பெற்ற அறிவால் வரும் இலாபம் உழைப்பின் இலாபம். கைதவறியதில் வரும் இலாபத்தில் யாருடைய உழைப்பும் இல்லை, விற்பவருடைய உழைப்பைத் தவிர. இந்தப் பிரிவில் நான் உறுதியாக நிற்கிறேன். இருந்தும் புத்தகப் பெட்டி விஷயத்தில் என் மனம் முழுக்க அமைதியாகவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 2005 முதல் 'நூலகம்' என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களை ஒவ்வொரு பக்கமாக மின்வடிவாக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியான ஒரு மொழியில், அப்பா என்ன சேர்த்துவைத்திருந்தார் என்பதை வாங்கப்போகிறவராவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. விலை அதே 2,000 ஆகவே இருக்கட்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் நிற்கிறது. ஜம்பட்டா வீதிக்கு அங்கால் ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். அதற்கும் அங்கால் புதுக்கடை நீதிமன்றங்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன உரோம-டச்சுச் சட்டத்தில், காணியை அதன் உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைவாக விற்றுவிட்டவர் அந்த விற்பனையைக் கலைக்கக் கேட்கலாம் என்றொரு விதி இருக்கிறது. உரோமைப் பேரரசன் டயோக்ளீஷியனின் பெயரில் வழங்கும் பழைய விதி. தென்னாபிரிக்கா அதை 1952இலேயே நீக்கிவிட்டது. இலங்கையில் காணிக்கு இன்னும் உண்டு. தையல் மெஷினுக்கு அது இல்லை. அசையும் பொருளுக்கு இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதிய 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான். காணி விற்பவர் தவறினாலும் அவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. மெஷின் விற்பவருக்கு அந்த வாசல் இல்லை. ஆனால் அவருக்கும் ஒன்று உண்டு, அதை யாரும் அந்தப் படியில் அவருக்குச் சொல்லவில்லை. விளம்பரம் போட்டதனால் மட்டும் ஒப்பந்தம் ஏற்படுவதில்லை. 1909இல், இன்றைய தென்னாபிரிக்காவிலுள்ள ட்ரான்ஸ்வாலில், கடை வாசலில் மலிவு விலைப் பலகை வைத்த புகையிலைக் கடைக்காரர் ஒருவர், ஒருமுறை வாங்கிப் போய்த் திரும்பி வந்தவருக்கு விற்க மறுத்தார். தராமல் போகமாட்டேன் என்று நின்றவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. பலகை ஒரு அழைப்பு மட்டுமே என்றது நீதிமன்றம். ஆகவே ஸ்கிரீன்ஷொட் ஒரு உறுதி இல்லை. அந்தப் பெண் லொறிக்கூலி கொடுத்திருக்கவே தேவையில்லை. கொடுத்தது அவருடைய பண்பு. ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு யாரும் புதுக்கடைக்குப் போவதில்லை. இவற்றைத் தீர்ப்பது விற்பனைத் தளங்களின் தானியங்கி விதிகள்தான். விற்பவர் ஓடரை இரத்துச் செய்தால் அவருடைய மதிப்பெண் குறையும்; முறைப்பாடு வந்தால் கணக்கு நிற்கும்; காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி, அதைப் படிக்கிறவர் யாரென்று தெரியாது. 2014 டிசம்பர் 12ஆம் திகதி மாலை ஒரு மணித்தியாலம், வட அயர்லாந்துக் கொம்பனி ஒன்றின் விலைமாற்றும் மென்பொருள் தடுமாறி, பிரித்தானிய அமேசனில் ஆயிரக்கணக்கான பொருட்களின் விலையை ஒரு பென்னியாக்கிவிட்டது. அடிபட்டவர்கள் வீட்டிலிருந்து வியாபாரம் செய்த சிறு குடும்பங்கள். பெரும்பாலான ஓடர்கள் நிறுத்தப்பட்டன. களஞ்சியத்திலிருந்து ஏற்கெனவே புறப்பட்டுவிட்டவை புறப்பட்டதுதான். அந்தப் பிழை அவர்கள் கையால் நேர்ந்ததும் இல்லை. கையால் நேரும் பிழைக்கு ஒரு வழி இருக்கிறது. மின்னணு ஒப்பந்தங்கள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2015இல் ஏற்றுறுதி செய்தது. தானியங்கிக் கணினியோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது கைதவறி ஒன்றைப் போட்டுவிட்ட மனிதருக்கு, திருத்த வழி தரப்படாவிட்டால், உடனே அறிவித்துப் பொருளால் பயன்பெறாமல் இருக்கும்வரை அதை மீளப்பெறும் உரிமையை அந்தச் சமவாயம் கொடுக்கிறது. மனிதருக்குக் கை தவறும் என்பதை ஒரு சர்வதேசச் சட்டம் ஒப்புக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பேரம் பேசுவதை நாங்கள் குறைவான பழக்கமாக நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால் அதற்குள் ஒரு காவல் இருந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரர் அறக்குளாவுக்குத் தவறிப்போய்க் குறைந்த விலை சொல்லிவிட்டால், கேட்டவரின் முகத்தில் ஒரு கணம் வருகிற மாற்றத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "இல்லை இல்லை, கிலோ இவ்வளவு" என்று திருத்துவார், யாரும் கோபிக்க மாட்டார்கள். செட்டியார் தெரு நகைக்கடைகளில் இன்றைக்கும் பார்க்கலாம். பவுண் விலை, நிறை, சேதாரம், கூலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தட்டிவிட்டு, கல்குலேட்டரைத் திருப்பி வாங்குபவர் பக்கம் நகர்த்துவார்கள். இரண்டு பேர் கண்ணும் ஒரே இலக்கத்தைப் பார்க்கும். அந்தத் திருப்புதலில் பிழை பிடிபட்டுவிடும். திரையில் அந்தத் திருப்புதல் இல்லை. விற்பவர் தனியாக ஒருமுறை தட்டுகிறார், வாங்குபவர் தனியாக ஒருமுறை தட்டுகிறார். அதோடு எங்கள் கண்ணும் பழுதுபட்டுவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு பாண், ஒரு பால்மாப் பைக்கற், ஒரு பஸ் ரிக்கற் எவ்வளவு என்று கிழமைக்குக் கிழமை மறந்து புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. பழைய விலையோடு கிடந்த விளம்பரங்களைப் பார்த்து அழைத்தவர்களும், அந்த விலைக்குத் தரமுடியாது என்று சொன்னவர்களும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்று ஏசிக்கொண்ட மாதங்கள் அவை. இருபக்கமும் பொய் சொல்லவில்லை. எந்த விலை சரி, எந்த விலை பிழை என்று பார்த்த மாத்திரத்தில் உணர்கிற அந்தப் பழைய புத்தி அப்போது கலங்கியது. இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இருக்கின்றன, அவற்றைத் தள்ள எனக்கு மனமில்லை. வேண்டுமென்றே குறைந்த விலையைப் போட்டு அழைப்புகளைச் சேர்த்துவிட்டு, பிறகு "விலை பிழையாப் போயிட்டுது, ஆனா வேற ஒண்டு இருக்கு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பலமுறை அலைந்தவருக்கு, உண்மையாகவே தவறியவரையும் நம்ப முடியாது. அந்தப் பொடியனும் அப்படி அலைந்தவனாக இருக்கலாம். ஆனால் இருவரையும் பிரித்தறிவது கடினமில்லை. உண்மையில் தவறியவர் கண்டதும் விளம்பரத்தைத் திருத்துவார் அல்லது எடுப்பார். முற்பணம் வாங்கியிருந்தால் கேட்கமுன் திருப்பி அனுப்புவார். வேறு பொருளைத் தலையில் கட்டமாட்டார். தூண்டில் போடுகிறவரின் விளம்பரம் மறுநாளும் அதே விலையோடு நிற்கும். பெரிய கொம்பனி என்றால் என்ன என்ற கேள்வியும் உண்டு. 2002இல் பிரித்தானியாவில் கொடாக் கொம்பனி 329 பவுண் கமெராவை 100 பவுண் என்று போட்டுவிட்டு, முதலில் மறுத்து, வாங்கியவர்களின் எதிர்ப்பைப் பார்த்துக் கடைசியில் அந்த விலைக்கே கொடுத்தது. அதைக் கேட்டு எனக்கும் மகிழ்ச்சிதான். இருந்தாலும் இங்கே அப்படியொரு நட்டம் வந்தால் அது எங்கே போய் முடியும் என்று பார்க்கிறேன். இலக்கம் தட்டிய பிள்ளையின் சம்பளத்தில் வெட்டுகிற முதலாளிகளைக் கொழும்பில் எனக்குத் தெரியும். கொம்பனியிடமிருந்து பிடுங்கியதாக நினைப்பது பலவேளை ஒரு இருபது வயதுப் பிள்ளையிடமிருந்து பிடுங்கியதாக முடிகிறது. பொருள் கைமாறி, காசும் கைமாறி, நாள் கழிந்த பிறகு தெரியவந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் என்னிடம் எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. அதற்கு முன்னால் தெரிந்தால் விடை தெளிவு.

விற்பனைத் தளங்களை நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. விலையை இலக்கத்தில் தட்டியதும் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தில் காட்டுங்கள். 'ஆறாயிரத்து ஐந்நூறு' என்று வாசித்திருந்தால் அந்த மருமகன் பையன் அங்கேயே நிறுத்தியிருப்பான். விற்பவர் உடனே பிழையென்று அறிவித்தால் தண்டனையில்லாமல் விடுங்கள். ஒருவருடைய கணக்கை முடக்கமுன் ஒரு மனிதர் அவரோடு பேசட்டும். விற்பவர்கள், தவறியது தெரிந்த உடனே சொல்லுங்கள், வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். போனை நிறுத்தி வைப்பதுதான் கோபத்தைக் கூட்டுகிறது. வாங்கப் போகிறவரிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பொருளின் விலை நம்பமுடியாமல் குறைந்திருந்தால், லொறி பிடிக்கமுன் அந்த இலக்கத்துக்கு எடுத்து, "அக்கா, போட்டிருக்கிற விலை சரிதானே?" என்று கேளுங்கள். சரி என்று அவர் சொன்னால் மனம் நிறைய வாங்கிக்கொண்டு வாருங்கள்.